வயது, பாலினம், பணிக்காலம்: ஒரு படிவத்தின் முதல் பக்கம்

பணியாளர்களின் மனநிலையை அறிய விரும்பும் பல்கலைக்கழகம் எதுவாக இருந்தாலும், அது முதலில் எடுப்பது ஒரு வினாநிரலைத்தான். அந்த வினாநிரலின் முதல் பக்கம் ஏறக்குறைய எங்கும் ஒரே மாதிரி இருக்கும். வயது, பாலினம், திருமண நிலை, கல்வித்தகுதி, பதவி, பணியாற்றிய ஆண்டுகள் என்று கட்டங்கள் வரிசையாக நிற்கும். உரிய கட்டத்தில் ஒரு குறியிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கேதான் உண்மையான கேள்விகள் தொடங்கும். இந்த நிறுவனத்தைப் பற்றி வெளியில் பெருமையாகப் பேசுவீர்களா, இதன் வளர்ச்சிக்காகக் கூடுதலாக உழைப்பீர்களா, இதைவிட நல்ல வாய்ப்பு வந்தால் போய்விடுவீர்களா என்று அவை கேட்கும். முதல் பக்கத்தின் ஆறு கட்டங்களுக்கும் பின்பக்கங்களின் விடைகளுக்கும் என்ன உறவு என்று கண்டுபிடிப்பதே ஆய்வின் நோக்கம்.

இந்தப் படிவத்தை நான் மூன்று இடங்களில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில், ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் எழுத்தராக இருந்தபோது நிரப்பினேன். மாலை வேளைகளில் படித்து, பல ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தில் விரிவுரையாளரானபோது இன்னொரு முறை நிரப்பினேன். பிறகு, விடைகளைத் தொகுக்கும் குழுவில் ஒருத்தியாக, மற்றவர்கள் இட்ட குறிகளை நாள்கணக்கில் எண்ணினேன். மூன்று முறையும் முதல் பக்கம் என்னை நிறுத்திவைத்தது. எழுத்தராக நான் இட்ட குறிகளுக்கும் விரிவுரையாளராக இட்ட குறிகளுக்கும் இடையே வயதும் தகுதியும் பதவியும் மாறியிருந்தன. ஆனால் அந்த நிறுவனத்தோடு எனக்கிருந்த பிணைப்பு மாறியதற்கான காரணம் அந்தக் கட்டங்களில் எதிலும் இல்லை.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். பணியாளர்களைப் பற்றி இத்தகைய ஆய்வுகளைச் செய்வோர் பேசும் பிணைப்பை ‘விசுவாசம்’ என்று சிலர் தமிழில் சொல்கிறார்கள். அந்தச் சொல்லில் எசமானும் ஏவலாளும் வந்து நின்றுவிடுகிறார்கள் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். ‘பற்று’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. அன்பினால் பிடித்துக்கொள்வதும் பற்று. கணக்கேட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதப்படுவதும் பற்று. ஒரு மனிதர் ஒரு நிறுவனத்தில் ஏன் இருந்துகொண்டிருக்கிறார் என்ற கேள்விக்கு இந்த இரண்டு பொருளும் வேண்டியிருக்கின்றன.

கணக்கேட்டுப் பொருளைத்தான் ஆய்வுலகம் முதலில் பிடித்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவார்ட் பெக்கர் 1960-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவர் ஏன் ஒரே பாதையில் தொடர்ந்து போகிறார் என்று கேட்டு, ‘பக்கப் பந்தயம்’ என்ற கருத்தை முன்வைத்தார். அவர் எடுத்துக்காட்டியது ஒரு வீட்டு பேரம். வாங்குபவர் 16,000 டாலர் தருவதாகச் சொல்கிறார். விற்பவர் 20,000 கேட்கிறார். 16,000-க்கு மேல் தரமாட்டேன் என்று மூன்றாம் ஆள் ஒருவரிடம் 5,000 டாலர் பந்தயம் கட்டியிருப்பதற்கான சான்றை வாங்குபவர் எடுத்துக் காட்டினால், பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஏனென்றால் இனி விலையை உயர்த்தினால் அவருக்கு அந்தப் பந்தயப் பணமும் போய்விடும். நாம் ஒவ்வொருவரும் வேலை செய்யும் இடத்தில், பெரும்பாலும் நமக்கே தெரியாமல், இப்படிப்பட்ட பந்தயங்களைக் கட்டிக்கொண்டே போகிறோம் என்பது பெக்கரின் கருத்து. ஓய்வூதியத்துக்காகப் பிடிக்கப்படும் தொகை ஒரு பந்தயம். பணிமூப்பு ஒரு பந்தயம். யாரிடம் எப்படிப் பேசினால் கோப்பு நகரும் என்று அறிந்து வைத்திருப்பது ஒரு பந்தயம். அந்த அறிவு வேறெங்கும் செல்லாது.

பல்கலைக்கழகத்தில் இது எவ்வளவு உண்மை என்பதை அங்கே சில ஆண்டுகள் இருந்தவர் எவரும் அறிவார். பதிவாளர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் இருந்தவருக்கு விதிமுறைத் தொகுப்பின் எந்தப் பிரிவு எப்போது திருத்தப்பட்டது என்பது மனப்பாடமாக இருக்கும். வாசலைத் தாண்டினால் அந்த அறிவுக்கு மதிப்பில்லை. ஆய்வகத்தை ஒவ்வொரு கருவியாகச் சேர்த்து எழுப்பிய பேராசிரியரால் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாதி ஆய்வில் நிற்கும் முனைவர்பட்ட மாணவர்களை விட்டுச் செல்வதும் எளிதல்ல. இவற்றையெல்லாம் நேராக அளப்பது கடினம் என்பதால்தான் ஆய்வாளர்கள் வயதையும் பணிக்காலத்தையும் திருமண நிலையையும் பந்தயங்களின் அடையாளங்களாக எடுத்துக்கொண்டார்கள். வயது கூடக்கூடப் பந்தயம் கூடும். குடும்பம் இருந்தால் கூடும். படிப்புக் கூடினால் வெளி வாய்ப்பு பெருகிப் பந்தயம் குறையும். 1972-இல் ரெபினியாக், அலுட்டோ என்ற இருவர் பள்ளி ஆசிரியர்களையும் செவிலியர்களையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்தார்கள். படிவத்தின் முதல் பக்கத்துக்குள் அந்தக் கட்டங்கள் வந்து உட்கார்ந்ததற்கு இந்த மரபு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் போக முடியாமல் இருப்பதும் போக மனமில்லாமல் இருப்பதும் ஒன்றா? கனடாவைச் சேர்ந்த ஜான் மேயர், நடாலி ஆலன் ஆகிய உளவியலாளர்கள் 1984 முதல் இந்தக் கேள்வியைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 1991-இல் அவர்கள் முன்வைத்த வகைப்பாட்டில் பற்று மூன்றாகிறது. மனம் ஒன்றி, விரும்பி இருப்பது முதல் வகை. போனால் இழப்பு என்பதால் இருப்பது இரண்டாவது. இருப்பதே முறை, போவது நன்றிகெட்ட செயல் என்ற கடப்பாட்டுணர்வால் இருப்பது மூன்றாவது. ஒரே மனிதரிடம் மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள். இது வெறும் பெயர்சூட்டல் அல்ல. 1989-இல் ஓர் உணவுச் சேவை நிறுவனத்தின் மேலாளர்களிடம் மேயரும் அவரது உடன் ஆய்வாளர்களும் பார்த்தபோது, விரும்பி இருப்பவர்களின் பணித்திறன் மதிப்பீடு கூடுதலாகவும், வேறு வழியின்றி இருப்பவர்களின் மதிப்பீடு குறைவாகவும் இருந்தது. இருவரும் தினமும் வேலைக்கு வருகிறவர்கள்தாம். பணிக்காலக் கட்டத்தில் இருவரும் ஒரே எண்ணைத்தான் எழுதுவார்கள்.

அப்படியானால் முதல் பக்கம் எவ்வளவுதான் சொல்கிறது? அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி மாத்தியூ, சஜாக் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் வயதுக்கும் பற்றுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.20 அளவில் இருந்தது. இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் எண் அது. சுழியம் என்றால் உறவில்லை, ஒன்று என்றால் முழு உறவு. 2002-இல் மேயரின் குழு 155 மாதிரிகளை, மொத்தம் 50,146 பணியாளர்களை உள்ளடக்கிய தொகுப்பாய்வை வெளியிட்டபோது, வயதுக்கும் மனம் ஒன்றிய பற்றுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.15 என்று வந்தது. பாலினத்துக்கும் கல்வித்தகுதிக்கும் அது ஏறக்குறையச் சுழியம். ஒட்டுறவு எண்ணை அதனாலேயே பெருக்கினால், ஒன்றின் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மற்றொன்றால் விளக்க முடியும் என்பது கிடைக்கும். 0.20 என்றால் நூற்றில் 4, 0.15 என்றால் நூற்றில் இரண்டேகால். மீதித் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கு அந்தக் கட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

தொகுப்புக் குழுவில் இருந்தபோது நான் இதை அறிந்திருக்கவில்லை. வயது வாரியாகப் பிரித்து, மூத்தவர்களின் சராசரி சற்று மேலே நிற்பதைக் கண்டதும், ‘வயதோடு பற்று வளர்கிறது’ என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினோம். அந்த வரியை நான்தான் எழுதினேன். அது தவறான வரி என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. தவறு இரண்டு இடங்களில் இருந்தது.

முதலாவது, ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பில் ஐம்பது வயதினரையும் முப்பது வயதினரையும் ஒப்பிடுகிறோம். இந்த முப்பது வயதினர் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஐம்பது வயதினரைப் போல ஆவார்கள் என்பதற்கு அதில் எந்தச் சான்றும் இல்லை. ஐம்பது வயதில் படிவத்தை நிரப்புகிறவர்கள் அதுவரை போகாமல் இருந்தவர்கள். அவர்களோடு ஒரே நாளில் பணியில் சேர்ந்து, ஐந்தாம் ஆண்டில் மனம் கசந்து வெளியேறியவர்களின் விடைகள் நம் கையில் இல்லை. பற்றில்லாதவர்கள் போய்விட, பற்றுள்ளவர்கள் எஞ்சினாலே போதும். எந்த ஒரு மனிதரின் பற்றும் ஓர் அங்குலம்கூட வளராமலேயே, வயதோடு பற்று வளர்வதாகப் படிவம் காட்டிவிடும். இரண்டாவது, வயது, பணிக்காலம், பதவி, சம்பளம், தனியறை, முடிவெடுக்கும் கூட்டங்களில் நாற்காலி ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. மூத்தவருக்குப் பற்று கூடுதலாக இருப்பது மூப்பினாலா, அல்லது அவர் சொல்லுக்கு அந்தக் கூட்டத்தில் செவிசாய்க்கிறார்கள் என்பதனாலா? வயதுக் கட்டம் இதற்கு விடை சொல்லாது.

பாலினத்தைப் பற்றிய முடிவுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. பெண்களுக்குப் பற்று சற்றுக் கூடுதல் என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு, குறைவு என்று சொன்னவையும் உண்டு. நான் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, பணியாளர்களைப் பற்றியதல்லாத, ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிய ஆய்வு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பெண்கள் வெளிப்படையாக ஒதுக்கப்பட்டார்கள் என்று தோன்றும். ஆனால் 1975-இல் பிக்கல், ஹாமல், ஓகானல் ஆகிய மூவர் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். அப்படியானால் சிக்கலே இல்லை என்று ஆகிவிடுமா என்றால், ஆகாது. எந்தத் துறைக்கு யார் போகிறார்கள், எந்தத் துறையில் எவ்வளவு இடம் ஒதுக்கப்படுகிறது என்ற இன்னும் ஆழமான கேள்விக்கு அது நம்மைக் கொண்டுபோகிறது.

பணியாளர் பற்றிலும் அதே கதைதான். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த விரிவுரையாளர்களிலும் கீழ்நிலை அலுவலகப் பணிகளிலும் பெண்கள் குவிந்து, பேராசிரியர் பதவிகளிலும் ஆட்சிக்குழுவிலும் ஆண்கள் குவிந்திருந்தால், ‘பெண்களின் பற்று’ என்று நாம் அளப்பது உண்மையில் ஒப்பந்தப் பணியின் பற்றைத்தான். பதவியைச் சமமாக வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு மறையலாம். அப்போதும், அந்தப் பதவிகள் ஏன் அப்படிப் பங்கிடப்பட்டன என்ற கேள்வி எஞ்சி நிற்கும்.

திருமண நிலையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மணமானவரா என்று கேட்பதைவிட, மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் உங்களால் வர முடியுமா என்று கேட்பது கூடுதலாகச் சொல்லும். வயதான பெற்றோரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மணமாகாதவர் நம் கட்டங்களில் பொறுப்பில்லாதவராக எண்ணப்படுகிறார். அது அவருக்குச் செய்யும் அநீதி.

கல்வித்தகுதிக் கட்டத்தில்தான் பல்கலைக்கழகம் மற்ற வேலையிடங்களிலிருந்து பிரிந்து நிற்கிறது. ஒரு தொழிற்சாலையில் கூடுதலாகப் படித்தவருக்குப் பற்று குறைந்தால், அவருக்கு வெளியில் வாய்ப்பு இருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பல்கலைக்கழக ஆசிரியருக்கோ வேலை கொடுத்த நிறுவனம் ஒன்று, அவரது அறிவுத்துறை இன்னொன்று என இரண்டு வீடுகள். கட்டுரை ஏற்கப்படுகிறதா, யார் அதை மேற்கோள் காட்டுகிறார்கள், அடுத்த கருத்தரங்குக்கு யார் அழைக்கிறார்கள் என்பதையெல்லாம் முடிவு செய்வது இரண்டாவது வீடு. சம்பளம் தருவதும் பாடவேளை ஒதுக்குவதும் முதல் வீடு. ஆல்வின் கோல்ட்னர் என்ற சமூகவியலாளர் ஒரு சிறிய தனியார் கல்லூரியின் ஆசிரியர்களையும் நிர்வாகத்தினரையும் ஆராய்ந்து 1957-58-இல் இரண்டு பகுதிகளாக எழுதிய கட்டுரை இந்தப் பிளவைத்தான் பேசியது. தம் துறைத்திறனில் ஆழ்ந்து, வெளியிலுள்ள துறையினரின் மதிப்பையே பெரிதாகக் கருதி, வேலை தரும் நிறுவனத்தோடு மெல்லிய பிணைப்புள்ளவர்கள் ஒரு புறம். அவர்களைப் பரந்த உலகத்தார் என்று கொள்ளலாம். நிறுவனத்தோடு ஆழ்ந்த பிணைப்பும் அதன் உள்ளே இருப்பவர்களின் மதிப்பில் நாட்டமும் கொண்ட உள்ளூரார் மறுபுறம்.

கோல்ட்னர் அந்த இரண்டோடு நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. உள்ளூராரிலேயே பல வகையினரை அவர் கண்டார். கல்லூரியின் கொள்கையில் உறுதியான நம்பிக்கை கொண்டவர்கள் ஒரு வகை. இடைநிலை நிர்வாகப் பணிகளில் இருந்த, பெரும்பாலும் பெண்களான, பலர் அதே கல்லூரியிலேயே படித்தவர்களான இன்னொரு வகையினரை அவர் வீட்டுக் காவலர் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். நீண்ட காலம் இருந்த மூத்தவர்கள் வேறொரு வகை. அவர்களது பிணைப்பு இன்றைய கல்லூரியோடு அல்ல, தாங்கள் இளமையில் கண்ட கல்லூரியோடும் தம்மோடு சேர்ந்து முதுமையடைந்த சகாக்களோடும் இருந்தது. இந்த இறுதி வகையைப் படித்தபோது எனக்குப் பல முகங்கள் தோன்றின. கூட்டங்களில் எழுந்து ‘அந்தக் காலத்தில் இப்படி இல்லை’ என்று சொல்லும் மூத்த பேராசிரியர் நிறுவனத்தின்மேல் பற்றில்லாதவர் அல்லர். அவர் பற்று வைத்திருக்கும் நிறுவனம் இப்போது இல்லை, அவ்வளவுதான். படிவத்தில் அவர் எல்லாவற்றுக்கும் உயர்ந்த மதிப்பெண்ணே இடுவார். ஆனால் எந்த நிறுவனத்தை மனத்தில் வைத்து இட்டார் என்று படிவம் கேட்பதில்லை.

தேர்வுப் பிரிவில் நான் எழுத்தராக இருந்தபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் வீட்டுக் காவலர்கள். முடிவுகள் வெளியாகும் வாரத்தில் நள்ளிரவு வரை மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு, ஒரு மாணவரின் எண் விடுபட்டிருக்குமோ என்ற கவலையில் உறக்கமின்றி, மறுநாள் அதிகாலையிலேயே வந்து பூட்டைத் திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகப் பணியாளர் பற்று என்றாலே ஆய்வாளர்களின் கண் ஆசிரியர்கள்மேல் போய்விடுகிறது. நூலகத்தில், விடுதியில், கணக்குப் பிரிவில், ஆய்வகத்தில் இருப்பவர்கள் ‘கல்வி சாராப் பணியாளர்’ என்று எதிர்மறையாகப் பெயர் பெறுகிறார்கள். அவர்கள் என்னவாக இல்லையோ அதுவே அவர்களது பெயராகிவிட்டது. துறை என்ற இரண்டாவது வீடு அவர்களுக்கு இல்லை. ஆகவே நிறுவனம் அவர்களைக் காயப்படுத்தினால் ஒதுங்கிக்கொள்ள இடமும் இல்லை.

படிவங்களில் அநேகமாக நான் காணாத ஒரு கட்டம் உண்டு: நீங்கள் எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறீர்கள் என்பது. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தபோது, அந்தக் கட்டடத்துக்குள் எனக்கு ஒரு மேசை இருக்கிறது என்பதே என் பெற்றோருக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்தது. அதனால் என்னிடம் இருந்த பற்று, மேயரும் ஆலனும் மூன்றாவதாகச் சொன்ன வகையைச் சேர்ந்தது. எனக்கு இடம் தந்தவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்ற உணர்வு அது. விரிவுரையாளரான பிறகு அது குறையவில்லை, கூடியது.

அந்த உணர்வு எனக்கு என்ன செய்தது என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். யாரும் ஏற்காத பொறுப்புகள் என்னிடம் வந்தன. சேர்க்கைக் காலத்து வேலை, தரச் சான்றுக்கான ஆவணங்கள், ஆண்டுவிழா, மாணவர் குறைதீர்ப்பு என ஒன்றன்மேல் ஒன்றாக வந்தவற்றை நான் மறுக்கவில்லை. மறுப்பது நன்றி மறப்பதாகத் தோன்றியது. என் பற்று மிக உயர்ந்தது என்று எந்தப் படிவமும் சொல்லியிருக்கும். அதே ஆண்டுகளில் என் ஆய்வுக் கட்டுரைகள் பாதியில் நின்றன. பதவி உயர்வுக்கான நேர்காணலில், வெளியீடுகள் போதவில்லை என்று என்னிடம் சொன்னவர்கள், அந்தப் பொறுப்புகளை எனக்குத் தந்தவர்களேதாம். அன்று வீடு திரும்பும்போது எனக்குக் கோபத்தைவிட வெட்கமே மேலோங்கியிருந்தது. கோபப்படும் உரிமை இருக்கிறது என்பதையே நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

என் துறையில் என்னோடு சேர்ந்த இன்னொருவருக்குத் தாய் தந்தை இருவரும் பேராசிரியர்கள். அவர் முதல் ஆண்டிலேயே இரண்டு குழுக்களிலிருந்து பணிவாக விலகிக்கொண்டார். ஐந்தாம் ஆண்டில் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். போகும்போது எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சியோடு விடை சொன்னார். அவரைப் பற்றில்லாதவர் என்று அன்று சிலர் பேசினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. பல்கலைக்கழகம் என்பது மனிதர்கள் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் இடம் என்று அவர் சிறுவயதிலிருந்தே அறிந்திருந்தார். எனக்கோ அது பெறற்கரிய ஒரு கொடை. இருவருக்கும் ஒரே வயது, ஒரே தகுதி, ஒரே பதவி, விரிவுரையாளராக ஒரே பணிக்காலம். முதல் பக்கத்தில் எங்கள் இருவரின் குறிகளும் ஒரே கட்டங்களில் விழுந்திருக்கும்.

பின்னணிக்கு ஆற்றல் இல்லை என்று நான் சொல்லவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகியிருக்கும். அது பற்றை நேரடியாக உண்டாக்குவதில்லை. நிறுவனம் நம்மிடம் நடந்துகொள்ளும் விதம் நமக்குள் எப்படி விழுகிறது என்பதை அது மாற்றுகிறது. நிறுவனம் நடந்துகொள்ளும் விதத்துக்கு உள்ள எடையைப் பாருங்கள். மேயர் குழுவின் அதே 2002 தொகுப்பாய்வில், ‘இந்த நிறுவனம் என் உழைப்பை மதிக்கிறது, என் நலனில் அக்கறை கொள்கிறது’ என்ற உணர்வுக்கும் மனம் ஒன்றிய பற்றுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.63. வயதின் 0.15-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். வர்க்கித்தால் நூற்றில் இரண்டேகால் எங்கே, நாற்பது எங்கே. மேலதிகாரிகள் தம்மிடம் மரியாதையோடும் விளக்கத்தோடும் நடந்துகொள்கிறார்கள் என்ற நீதியுணர்வுக்கு 0.50. தன் பணி என்னவென்றே தெளிவில்லாத நிலைக்கு எதிர்த்திசையில் 0.39. இவை நிறுவனத்தால் மாற்றக்கூடியவை. ஒருவரின் வயதை எந்தத் துணைவேந்தராலும் மாற்ற முடியாது. ஒரு விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று இரண்டு வரியில் எழுதி அனுப்ப எந்தப் பிரிவு அலுவலராலும் முடியும்.

இந்த எண்களுக்கும் எல்லை உண்டு. ஒரே மனிதர் ஒரே நாளில் ஒரே படிவத்தில் இரண்டையும் பற்றிச் சொல்லும்போது அன்றைய மனநிலை இரண்டிலும் படிந்து ஒட்டுறவை உயர்த்திவிடலாம். பற்றுள்ளவருக்கு நிறுவனம் அக்கறையுள்ளதாகத் தோன்றுவதும் நடக்கும். ஆயினும் இந்த இடைவெளி, அப்படி விளக்கி மறைத்துவிட முடியாத அளவுக்குப் பெரியது என்பது என் கருத்து.

ஆகவே ஒரு நிர்வாகம் இளையவர்களுக்குப் பற்றில்லை, பெண்கள் நிலைக்க மாட்டார்கள், அதிகம் படித்தவர் ஓடிவிடுவார் என்று பேசத் தொடங்கும்போது எனக்குக் கவலை வருகிறது. அந்தப் பேச்சு ஆய்வின் மொழியில் வந்தாலும், அது செய்கிற வேலை வேறு. தன் நடத்தையைப் பற்றிய கேள்வியை அது பணியாளரின் பிறப்புச் சான்றிதழுக்கு மாற்றிவிடுகிறது. நான் எழுதிய அந்த ஒற்றை வரி, ‘வயதோடு பற்று வளர்கிறது’ என்பது, பின்னர் ஒரு கூட்டத்தில் இளம் ஒப்பந்த விரிவுரையாளர்களை நிரந்தரமாக்குவதற்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்டது. நான் அந்த அறையில் இருந்தேன். எழுந்து மறுத்துப் பேசவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு கணக்கெடுப்பு வந்தபோது, இம்முறை துப்புரவுப் பணியாளர்களையும் ஆய்வக உதவியாளர்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். படிவத்தை வாசித்துச் சொல்ல நானே ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே நான் எழுத்தராக இருந்த காலத்திலிருந்தே தெரிந்த ஒரு பெண்மணி, கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எந்தக் குடுவையில் விரிசல் உண்டு, எந்த மாணவர் பயந்த சுபாவம் உடையவர், எந்த வாயுக்குழாய் மழைக்காலத்தில் இறுகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வயதைச் சொன்னார், எழுதினேன். படிப்பைச் சொன்னார், எழுதினேன். பணியாற்றிய ஆண்டுகள் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் கையிலிருந்த துணியை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார்.

“மேடம், வருசா வருசம் நிறுத்திட்டுப் புதுசா எடுக்கறாங்க. அவங்க கணக்குல எனக்கு இன்னும் ஒரு வருசம்கூட ஆகல. நான் இங்க வந்து பதினாறு வருசம் ஆச்சு. இதுல எதை எழுதுவீங்க?”

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் பதினாறு என்று எழுதினேன். அலுவலகப் பதிவோடு பொருந்தவில்லை என்று குறிப்பிட்டு, அந்தப் படிவத்தைக் கணக்கில் சேர்க்காமல் எனக்கே திருப்பி அனுப்பினார்கள். அது இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.